லூபஸ் நோயாளிக்கு இதய உறையில் நீர்: ஸ்டீராய்டைத் தொடங்கலாமா, காசநோய் மருந்தைத் தொடங்கலாமா?

கேள்வி: கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வயது 26. நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் கன்னங்களில் சிவந்த தடிப்பும் விரல் மூட்டுகளில் வலியும் வந்தபோது, இரத்தப் பரிசோதனைகள் செய்து லூபஸ் (உடலின் நோயெதிர்ப்பே சொந்தத் திசுக்களைத் தாக்கும் நோய்) என்று உறுதிப்படுத்தினார்கள். அன்றிலிருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். சென்ற ஆண்டு வரன் பார்க்கத் தொடங்கியபோது, அந்த மாத்திரை கண்பார்வையைக் கெடுத்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்லப்போக, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டாள். எட்டு மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லாததால் நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடந்த மாதம் நெஞ்சின் நடுவில் குத்துவலி தொடங்கியது. அருகில் உள்ள மருத்துவர் ஒருவர் வாயுப் பிடிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மூச்சை இழுத்தால் வலி குத்தியது; படுத்தால் இன்னும் கூடியது. கூடத்தில் பாயை விரித்து, முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் தலையணையை வைத்து, நெற்றியை அதில் சாய்த்தபடி உட்கார்ந்தே தூங்கினாள். நான்கு இரவுகள் இப்படிப் போன பிறகுதான் அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றேன். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கும்போது நானும் உள்ளே இருந்தேன். துடித்துக்கொண்டிருந்த இதயத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் போல ஒன்று தெரிந்தது. அதுதான் நீர் என்றும், 14 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

இப்போது எங்களுக்கு இரண்டு கருத்துகள் கிடைத்திருக்கின்றன. இது லூபஸால் வந்த அழற்சி, எனவே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். நம் நாட்டில் இதய உறையில் நீர் என்றால் முதலில் காசநோயைத்தான் நினைக்க வேண்டும், எனவே காசநோய் மருந்தை உடனே தொடங்குங்கள் என்கிறார் மற்றொருவர். இருவரும் அக்கறையோடுதான் பேசினார்கள். ஆனால் நாங்கள் நடுவில் நிற்கிறோம். இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ஸ்டீராய்டு கொடுத்தால் எவ்வளவு காலம் கொடுக்க வேண்டியிருக்கும்? இதயத்துக்கு நிரந்தரமாகச் சேதம் வந்துவிடுமா? அனுபவமுள்ளவர்கள் பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: முத்தியால்பேட்டை வாசகி

தம்பி, உங்கள் தங்கை முக்காலியில் சாய்ந்து தூங்கியதைப் படித்தபோது எனக்கு 2019 நினைவுக்கு வந்தது. எனக்கும் அதே வலி, அதே இருப்பு. முன்னால் குனிந்தால் இதய உறை சற்று விலகுவதால் வலி தணிகிறது என்று பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். மாரடைப்பு வலியோ வாயு வலியோ இப்படி உட்காரும் நிலையைப் பொறுத்துத் தெளிவாகக் கூடிக் குறைவதில்லை என்பதால், இந்த ஒரு குறிப்பே நோயைப் பாதி சொல்லிவிடும் என்று என் மருத்துவர் அடிக்கடி சொல்வார்.

எனக்கு ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாம் நாளே வலி அடங்கிவிட்டது. அதை வைத்து நான் செய்த தவறை இங்கே எழுதிவிடுகிறேன். முகம் உப்பிக்கொண்டு வந்தது. கண்ணாடியைப் பார்க்கவே மனம் வரவில்லை. ஒரு திருமணத்துக்குப் போக வேண்டியிருந்தது. 20 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக இறங்க வேண்டியதை, நானாகவே ஒரே வாரத்தில் 5-க்கு இறக்கிவிட்டேன். பத்தாம் நாள் வலி திரும்பி வந்தது. நீரும் முன்பைவிட அதிகமாகச் சேர்ந்திருந்தது. அதன்பின் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, மாத்திரை அளவு, அன்றைய எடை, காலில் வீக்கம் உண்டா இல்லையா என்று நாள்தோறும் எழுதினேன். ஐந்து மாதங்களில் அளவைக் குறைத்து முடித்தார்கள். முகமும் பழையபடி ஆனது.

உங்கள் தங்கை மாத்திரையை நிறுத்தியதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். வரன் பார்க்கும் வீட்டில் மாத்திரைப் பெட்டியோடு வாழ்வது எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மீண்டும் தொடங்கவேண்டும் என்பது மட்டும்தான் இப்போது முக்கியம்.

பதில் 2: பொது மருத்துவர், புதுச்சேரி

நான் பொது மருத்துவத்தில் பணிபுரிகிறேன். நோயாளியை நேரில் பார்க்காமல் மருந்தின் அளவைச் சொல்வது சரியல்ல. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் குழப்பம் இந்தப் பகுதியில் மிகவும் பொதுவானது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

லூபஸில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் சொந்தத் திசுக்களையே எதிரியாகக் கருதித் தாக்குகிறது. அதனால் உருவாகும் எதிர்ப்பொருள் கூட்டுகள் இதய உறை, நுரையீரல் உறை போன்ற மெல்லிய சவ்வுகளில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. இதய உறையில் இயல்பாகவே 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை நீர் இருக்கும். அழற்சியில் இது பெருகுகிறது. லூபஸ் இதயத்தைத் தொடும் வழிகளில் இதுவே மிகவும் பரவலானது. ஏறத்தாழ நான்கில் ஒரு நோயாளிக்கு எப்போதாவது ஒருமுறை இது வலியோடு வருகிறது. 14 மில்லிமீட்டர் என்பது நடுத்தர அளவு. 10-க்குக் கீழே சிறிது, 20-க்கு மேல் பெரிது என்று நாங்கள் பிரிப்போம்.

காசநோய் பற்றி ஐயப்பட்ட மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் இதய உறையில் நீர் சேர்வதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். ஆயினும் ஐயம் எழுந்த உடனே மருந்தைத் தொடங்கிவிடுவதற்கும், ஐயத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. காசநோய் இருப்பவருக்கு அந்த மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமி பரவிவிடும். லூபஸ் அழற்சி இருப்பவருக்குக் காசநோய் மருந்து மட்டும் கொடுத்துக் காத்திருந்தால் நீர் பெருகி இதயத்தை அழுத்தும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின், கல்லீரலில் ஸ்டீராய்டு சிதைவதை விரைவுபடுத்தி அதன் பயனை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். மற்றொன்றான ஐசோனியாசிட், சிலருக்கு லூபஸ் போன்ற ஒரு நிலையையே உண்டாக்கும் மருந்துகளின் வரிசையில் இருக்கிறது. ஆகவே எந்தக் காரணமும் உறுதிப்படாமல் இவற்றைத் தொடங்குவது நோயின் போக்கையே மறைத்துவிடும்.

பிரித்தறிய உதவுபவை இவைதான். லூபஸ் சீறி எழும்போது டி.என்.ஏ. எதிர்ப்பொருளின் அளவு உயரும். சி3, சி4 என்னும் புரதங்கள் குறையும். காசநோயில் இந்த மாற்றம் வழக்கமாக இருக்காது. லூபஸுக்கு முதலில் செய்யும் ஏ.என்.ஏ. என்னும் எதிர்ப்பொருள் பரிசோதனை மட்டும் பாசிட்டிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது; நலமாக இருப்பவர்களிலும் அது பாசிட்டிவாக வருவதுண்டு. மாலையில் காய்ச்சல், எடை குறைதல், நீண்ட நாள் இருமல், வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்த வரலாறு, மார்பு ஸ்கேனில் நெறிகட்டிகள் பெருத்திருத்தல் ஆகியவை காசநோயின் பக்கம் கைகாட்டும். சளி வந்தால் அதைக் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சீபிநாட் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஊசி மூலம் நீரை எடுக்க வேண்டியிருந்தால் அதில் ஏ.டி.ஏ. என்னும் நொதியைப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 40 அலகுகளைத் தாண்டினால் காசநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் நடுத்தர அளவு நீர், இரத்த அழுத்தம் சீராக இருக்கும் நிலை என்றால் ஊசி போட்டே தீரவேண்டும் என்பதில்லை.

இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனை பற்றி ஒரு சிறு குறிப்பு. லூபஸில் பெரும்பாலும் சி.ஆர்.பி. அதிகம் உயராது, எனவே அது உயர்ந்திருந்தால் கிருமித் தொற்று என்று நினைப்பது வழக்கம். உறைகளில் அழற்சி வரும்போது மட்டும் லூபஸிலேயே அது உயரும். உங்கள் தங்கையின் அறிக்கையில் அது உயர்ந்திருப்பதைக் காட்டி யாரேனும் காசநோய்தான் என்று சொல்லியிருந்தால், அந்தக் காரணம் மட்டும் போதாது.

கண் பற்றிய அச்சத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஹைட்ராக்சிகுளோரோகுயினை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுத்தால், முதல் 10 ஆண்டுகளில் விழித்திரைப் பாதிப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்றும் போதும். இந்த மாத்திரை லூபஸ் மீண்டும் சீறுவதைத் தடுப்பதோடு, சிறுநீரகத்தையும் காக்கிறது. எட்டு மாதம் தொல்லை இல்லாமல் இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு: இந்த மருந்து உடலைவிட்டு மிக மெதுவாகவே வெளியேறும்.

பதில் 3: பண்ருட்டி அன்பர்

என் உறவினர் ஒருவருக்கு மூட்டுவலிக்கு நாட்டுச் சூரணம் நல்ல பலன் தந்தது. ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்து, இதைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்கலாமே என்பது என் எண்ணம்.

பதில் 4: ஓய்வுபெற்ற செவிலியர், அரியாங்குப்பம்

ஐயா, நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் இந்த இடத்தில் சில வாரங்கள் என்பது எங்களிடம் இல்லை. முப்பது ஆண்டுகள் வார்டுகளில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மூட்டுவலியைப் பொறுத்துப் பார்க்கலாம். இதயத்தைச் சுற்றி நீர் சேர்வதைப் பொறுத்துப் பார்க்க முடியாது. மேலும், பெயர் தெரியாத சில பொடிகளில் ஸ்டீராய்டையே கலந்து விற்பதும் உண்டு. நோயாளி அதை அறியாமல் சாப்பிட்டு, அறியாமலே நிறுத்தி, உடல் சோர்ந்து மயங்கிய நிலையில் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

சகோதரரே, நீங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நீர் மிகுந்தோ அல்லது விரைவாகச் சேர்ந்தோ இதயத்தை அழுத்தினால், அது முழுமையாக விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் போகும். அப்போது கழுத்து நரம்புகள் புடைத்துத் தெரியும்; நாடி மெலிந்து விரைவாக ஓடும்; கை கால் சில்லிட்டு வியர்க்கும்; எழுந்து நின்றால் கண் இருட்டும்; நான்கு வார்த்தை தொடர்ந்து பேச மூச்சுப் போதாது. லூபஸில் இந்த நிலை அரிதுதான். வந்தால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் எக்கோவைப் பார்த்தபடியே ஊசி செலுத்தி நீரை வடிப்பார்கள். நீர் வெளியேறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நோயாளியின் முகத்தில் இரத்த ஓட்டம் திரும்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஸ்டீராய்டு எலும்பை பாதிக்கும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாகச் சாப்பிட்டால் வயிறும் தூக்கமும் கெடாமல் இருக்கும். உப்பைக் குறையுங்கள், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சில மாதங்களுக்கு வேண்டாம். சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். காய்ச்சல் வந்தால் காய்ச்சல் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தொற்றின் அடையாளங்கள் மங்கலாகத்தான் தெரியும். பள்ளியில் காலை வழிபாட்டுக்கு வெயிலில் நிற்பதிலிருந்து உங்கள் தங்கைக்கு விலக்கு வாங்கிக் கொடுங்கள். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் லூபஸைத் தூண்டிவிடும், அதிலும் நம் கடலூர்க் கத்திரி வெயில் கேட்கவே வேண்டாம்.

பதில் 5: கெடிலக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதை அச்செடுத்துக்கொண்டு, தங்கையைக் கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் நோயெதிர்ப்பியல் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். டி.என்.ஏ. எதிர்ப்பொருள் மிகவும் உயர்ந்திருக்கிறது. சி3, சி4 இரண்டும் குறைந்திருக்கின்றன. மார்பு ஸ்கேனில் நெறிகட்டி இல்லை. காசநோய்க்கான வேறு அடையாளமும் இல்லை. லூபஸ் அழற்சிதான் என்று முடிவு செய்து, நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டும், அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் 0.5 மில்லிகிராமும், பழைய ஹைட்ராக்சிகுளோரோகுயினும் தொடங்கியிருக்கிறார்கள். இன்று ஐந்தாம் நாள். நேற்று இரவு முக்காலியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு தலையணையில் சாய்ந்து படுத்தாள்.

ஆனால் புதிதாக ஒரு கவலை வந்திருக்கிறது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்னும் புரதத்தின் அளவு சற்று உயர்ந்திருப்பதால் இதயத் தசையையும் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தசையிலும் அழற்சி இருந்தால் சிகிச்சை மாறுமா? பிற்காலத்தில் திருமணம், குழந்தை இவற்றுக்குத் தடை வருமா? அம்மா இதைத்தான் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பதில் 6: பொது மருத்துவர், புதுச்சேரி

சரியான இடத்துக்குப் போயிருக்கிறீர்கள். டிரோபோனின் சற்று உயர்வதற்கு, உறையை ஒட்டிய தசைப்பகுதி லேசாகப் பாதிக்கப்பட்டதே காரணமாக இருக்கலாம். எக்கோவில் இதயம் சுருங்கும் திறன் நன்றாக இருந்தால் அது பெரும்பாலும் உறை அழற்சியோடு சேர்ந்தே தணிந்துவிடும். தசை அழற்சி உண்மையிலேயே இருந்தால் சிகிச்சை மாறும். ஏனெனில் உறை அழற்சி பெரும்பாலும் வலியைத் தந்துவிட்டுத் தழும்பின்றி ஆறிவிடும். தசை அழற்சியோ இதயத்தின் விசையையே குறைத்து, மூச்சுத்திணறலையும் துடிப்பின் ஒழுங்கின்மையையும் உண்டாக்கும். அப்போது மெத்தில்பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை மூன்று நாட்கள் நரம்பு வழியாகச் செலுத்துவார்கள். அதைத் தொடர்ந்து மைக்கோபினோலேட் அல்லது சைக்ளோபாஸ்பமைடு போன்ற நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தைச் சேர்ப்பார்கள். இதயச் செயலிழப்புக்கான வழக்கமான மருந்துகளும் உடன் வரும். விரைவில் தொடங்கினால் சுருங்கும் திறன் திரும்பி வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

எக்கோ எடுக்கும்போது வால்வுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். லிப்மன், சாக்ஸ் என்னும் இரண்டு மருத்துவர்கள் 1924-இல் விவரித்த, கிருமி இல்லாமலே வால்வில் வளரும் சிறு முடிச்சுகள் லூபஸில் உண்டு; மைட்ரல் வால்வில்தான் அதிகம். பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக வருவதாலும், அந்த எதிர்ப்பொருளே இரத்தம் உறைவதற்கும் கருச்சிதைவுக்கும் வழிவகுப்பதாலும், அந்தப் பரிசோதனையை இதுவரை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள்.

அம்மாவுக்கு என் பதிலை அப்படியே படித்துக்காட்டுங்கள். திருமணத்துக்குத் தடை இல்லை. குழந்தை பெறுவதற்கும் தடை இல்லை. ஆனால் நோய் குறைந்தது ஆறு மாதங்கள் அடங்கியிருந்த பிறகே கருத்தரிக்க வேண்டும். மைக்கோபினோலேட் எடுத்திருந்தால் கருத்தரிப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே அதை மருத்துவர் வேறொரு மருந்துக்கு மாற்றிவிடுவார். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்ப காலம் முழுவதும் தொடர வேண்டும். ரோ என்னும் எதிர்ப்பொருள் தாய்க்கு இருந்தால், நூறில் ஒன்று அல்லது இரண்டு கருக்களில் இதயத் துடிப்பின் மின்வழி தடைபடலாம். அதற்காக 16-ஆம் வாரத்திலிருந்து கருவின் இதயத்தை எக்கோவில் தொடர்ந்து பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நோயை மறைக்க வேண்டாம் என்பதும் என் சொந்தக் கருத்து. மறைத்தால் அடுத்து நிறுத்தப்படுவது அந்த மாத்திரைதான்.

எவ்வளவு காலம் ஸ்டீராய்டு என்று முதலில் கேட்டிருந்தீர்கள். வலி முழுவதும் நின்று, எக்கோவில் நீர் குறையும்வரை இந்த அளவு. பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக இறக்கி, 5 மில்லிகிராமிலோ அதற்குக் கீழேயோ கொண்டுவந்து, முடிந்தால் நிறுத்துவதே குறிக்கோள். இறக்கும்போது வலி திரும்பினால் நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் அசாதியோபிரின் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். கோல்சிசினைப் பெரும்பாலும் மூன்று மாதங்கள் தொடர்வார்கள்.

பதில் 7: முத்தியால்பேட்டை வாசகி

தம்பி, தங்கை சாய்ந்து படுத்தாள் என்று படித்தவுடன் நெஞ்சு நிறைந்தது. வலி நின்றுவிட்டதே என்று மாத்திரையில் கை வைக்கவிடாதீர்கள். அந்தப் பத்தாம் நாளை நான் இன்னும் மறக்கவில்லை. என்னிடம் எழுதாத நோட்டு ஒன்று இருக்கிறது. நீங்கள் அடுத்த முறை கோரிமேடு வரும் நாளை இங்கே தெரிவித்தால் கொண்டுவந்து கொடுக்கிறேன்; கட்டம் போட்டே வைத்திருக்கிறேன்.

பதில் 8: கெடிலக்கரை

அக்கா, அடுத்த பரிசோதனை இந்த மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அவசியம் சந்திக்கிறோம். மருத்துவர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. இரண்டு நாட்களாகத் தொண்டை கரகரப்பாக இருப்பதால், தெருமுனை மருந்துக்கடையில் கிளாரித்ரோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்கிறார்கள்.

பதில் 9: பொது மருத்துவர், புதுச்சேரி

கொடுக்கவே கூடாது. கோல்சிசின் சாப்பிடுபவருக்குக் கிளாரித்ரோமைசின் கொடுத்தால் கோல்சிசின் உடலில் தேங்கி நஞ்சாக மாறும். இதனால் உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளிக்கட்டும். சொந்தமாக ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம், லூபஸில் சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும். காய்ச்சல் இருக்கிறதா என்று இன்று மாலையே பார்த்து, இருந்தால் செவ்வாய்க்கிழமை வரை காத்திராமல் நாளைக் காலையிலேயே அந்தப் பிரிவில் காட்டுங்கள்.